பாரில் இண்டீ இரவு நடத்த எஃப்எல்எக்ஸ்4 போதுமா?

சனிக்கிழமை இரவு 8 முதல் 11 வரை பாரின் இசைப் பொறுப்பு நண்பர்கள் மூன்று பேர் கையில். ஒரு லேப்டாப், ஆளுக்கொரு பாட்டுக் குவியல். எண்பதுகளின் போஸ்ட்-பங்க், கிடார் பாப், சென்னை, பெங்களூரு இண்டீ (பெரிய நிறுவனங்களைச் சாராத) பேண்டுகள், நடுவே கொஞ்சம் தமிழ் ராப். இதற்கு எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பயனீர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4ஆகத்தான் இருக்கும். பழைய டிடிஜே-400இன் இடத்துக்கு 2023 தொடக்கத்தில் வந்த இரண்டு சேனல் கன்ட்ரோலர், அதாவது லேப்டாப்பில் செருகி இரண்டு பாட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டும் டிஜே கருவி.

கடைக்காரர் எடுத்து வைப்பது சரியான பொருள்தான். ஆனால் விளம்பரத்தில் முன்னால் நிற்கும் வசதிகள் இண்டீக்கு உதவாது. இதைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ போடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. கிடார் பாட்டு போடுகிறவருக்கு இந்தப் பெட்டியில் பிடிக்கும் இடம் வேறு, இடிக்கும் இடம் வேறு.

எடை 2.1 கிலோ, அகலம் 48 செ.மீ., ஆழம் 27 செ.மீ. பெரிய முதுகுப்பையில் நெட்டுக்குத்தாக நிற்கும். உடம்பு முழுக்க பிளாஸ்டிக், அதனால் பைக்குள் குமிழ்கள் பக்கம் ஒரு துண்டைச் சுற்றி வைப்பது நல்லது. மின்சாரம் லேப்டாப்பின் யூஎஸ்பி வழியாகவே வருகிறது, தனி அடாப்டர் வேண்டாம். பாட்டுகளை ஓட்டும் ரெகார்ட்பாக்ஸ் மென்பொருளின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி (நேரடியாக டிஜே செய்யும் பகுதி), இந்தக் கருவியைச் செருகினாலே கட்டணமில்லாமல் திறந்துகொள்ளும். இன்னொரு மென்பொருளான செராட்டோ டிஜே லைட்டும் இலவசமாக ஓடும், ப்ரோ வேண்டுமென்றால் காசு. கீழே சொல்வதெல்லாம் ரெகார்ட்பாக்ஸை வைத்துத்தான்.

சிங்க் பட்டனை மறந்துவிடுங்கள்

நடன இசை கம்ப்யூட்டரில் பிறக்கிறது, அதன் தாளம் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அசையாது. இண்டீ பாட்டுகளில் பெரும்பகுதி ஒரு மனிதர் டிரம்ஸ் வாசித்தது. பழைய பதிவுகளில் தாளத்தைப் பிடித்துவைக்கும் கிளிக் டிராக்கே இருக்காது. வெர்ஸில் 138 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி), கோரஸில் உற்சாகம் ஏறி 141, கடைசியில் 143 என்று போகும். பாட்டின் உயிரே அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது.

இரண்டு பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், 121இல் சுமார் 496. ஒவ்வோர் அடிக்கும் 4 மில்லிசெகண்ட் விலகல் என்றால் 16 அடியில், அதாவது எட்டே நொடியில், 65 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் இரண்டு ஸ்நேர் டிரம்களும் "தடதட" என்று மோதுவது பாரின் கடைசி மேசைவரை கேட்கும். ஒரே ஒரு பிபிஎம் வித்தியாசத்துக்கே இந்தப் பாடு.

இரண்டு பாட்டுகளின் தாளத்தைத் தானே பொருத்தும் சிங்க் பட்டன், ரெகார்ட்பாக்ஸ் போட்டு வைத்திருக்கும் பீட் கிரிட்டை, அதாவது அடிகளைக் குறிக்கும் கோடுகளை, நம்பி வேலை செய்கிறது. கிரிட் தவறினால் சிங்கும் தவறும். அனாலிசிஸ் அமைப்பில் நார்மல், டைனமிக் என இரண்டு முறைகள் உண்டு. மனிதர் வாசித்த பாட்டுகளுக்கு டைனமிக் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் டிரம்ஸ் இல்லாத முன்னிசையிலும் ஃபீட்பேக் இரைச்சலிலும் அதுவும் தடுமாறும். 2018இல் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுக்களிடம் கானா, பறை நடைகள் வரும். 6/8இல் நடக்கும் பாட்டை மென்பொருள் நான்கு நான்காகவே எண்ணும், கோடுகள் எங்கோ போய் விழும். இதைத் திருத்த மணிக்கணக்கில் உட்காரவேண்டாம். சிங்க்கை அணைத்துவிடுங்கள், கூடவே குவான்டைஸையும். குவான்டைஸ் எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் வைக்கும் ஹாட் க்யூ (பேடைத் தட்டியதும் பாட்டு தாவும் இடக்குறி) பக்கத்துக் கிரிட் கோட்டுக்கு இழுக்கப்படும். கிரிட் தப்பாக இருக்கும் பாட்டில் அது முதல் அடியை வெட்டிவிடும்.

இந்தக் கருவியின் பெரிய விளம்பரமான ஸ்மார்ட் ஃபேடரை இண்டீ இரவில் தொடவே கூடாது. ஃபேடரை (பாட்டை ஏற்றி இறக்கும் தள்ளுகோலை) நகர்த்த நகர்த்த வேகம், ஒலியளவு, பேஸ் மூன்றையும் அதுவே பொருத்தித் தருகிறது. 126, 128 எனப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஹவுஸ் பாட்டுகளுக்கு அழகாக இருக்கும். 104இல் நிற்கும் பாட்டிலிருந்து 150க்குப் போகும்போது பாடகரின் குரல் ரப்பராக இழுபடும். அந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் நாலு பேர் உடனே தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இண்டீ கேட்க வருகிறவர்கள் பாட்டைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்.

எங்கே இந்தப் பெட்டி ஜெயிக்கிறது

ட்ரிம் குமிழில், அதாவது ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் சமன்செய்யும் குமிழில். ஒவ்வொரு சேனலுக்கும் ஒன்று, ஒவ்வொன்றின் அருகிலும் தனி லெவல் மீட்டர். இண்டீ போடுகிறவருக்கு இதைவிட முக்கியமான பாகம் இந்தக் கருவியில் இல்லை. 1985இல் வந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டும் 2005இல் வந்ததும் ஒரே ஒலியளவில் இருக்காது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஆல்பங்களைச் சத்தமாக மாஸ்டர் செய்யும் போட்டி சூடுபிடித்தது. அதற்கு அடையாளமாக இன்றுவரை காட்டப்படுவது ஒயாசிஸின் 1995 ஆல்பம். இரண்டுக்கும் நடுவே 6 டெசிபெல் வித்தியாசம் சாதாரணமாக வரும். சரிசெய்யாமல் போட்டால் பழைய பாட்டு வந்ததும் பார் திடீரென்று ஊமையாகும், அடுத்தது வந்ததும் கையில் இருக்கும் டம்ளர் அதிரும்.

ரெகார்ட்பாக்ஸில் ஒலியளவைத் தானே சமன்செய்யும் ஆட்டோ கெயின் உண்டு, போட்டு வையுங்கள். ஆனால் மெதுவாகத் தொடங்கி கோரஸில் வெடிக்கும் பாட்டுகளில் அதை மட்டும் நம்பமுடியாது. ஹெட்போனில் பாட்டின் உரத்த இடத்துக்குத் தாவி, மீட்டர் அங்கே பச்சையின் உச்சியைத் தாண்டி ஆரஞ்சைத் தொட்டுவிட்டு இறங்கும்படி ட்ரிமைத் திருப்புங்கள். சிவப்பு எரியவே கூடாது. கூட்டம் இன்னும் சத்தம் கேட்டால் ஆம்ப்ளிஃபயரில் ஏற்ற வேண்டுமே தவிர, இங்கே அல்ல.

அடுத்தது ஹாட் க்யூ. பக்கத்துக்கு எட்டு பேட்கள். எல்லாம் ஒரே நிறத்தில் எரிவதால் நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது, இடத்தை வைத்துத்தான் பழக வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பேடில் பாட்டின் முதல் அடி, இரண்டாவதில் டிரம்ஸ் நுழையும் இடம், மூன்றாவதில் குரல் தொடங்கும் இடம், நான்காவதில் வெளியேற வேண்டிய இடம். மற்ற நான்கும் காலியாக இருக்கட்டும். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 50 பாட்டுகள் ஓடும், மனம்போல் தேர்ந்தெடுக்க 150 தயாராக இருக்க வேண்டும். ஆக ஐந்து மணி நேர வீட்டுப்பாடம். அந்த வார நாட்களில் மூன்று பேரும் பிரித்துக்கொண்டால் முடிந்துவிடும்.

முதல் அடி என்பதை அலட்சியமாக வைக்காதீர்கள். சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் பலவற்றில் தொடக்கத்தில் அரை நொடி, ஒரு நொடி மௌனம் இருக்கும். நேரடிப் பதிவின் நீட்சியாக வரும் பாட்டில் முந்தைய பாட்டின் கைதட்டலே ஒட்டிக்கொண்டிருக்கும். அலைவடிவத்தை முழுதாகப் பெரிதாக்கி, ஜாக் வீலை மெல்ல உருட்டி, கிடார் கம்பியில் பிக் படும் அந்த முள் தெரியும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் க்யூவைப் போடுங்கள். பேடைத் தட்டியதும் ஒலி விரலோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.

இப்படித் தயார்செய்துவிட்டால் பாட்டு மாற்ற மூன்று வழிகள் போதும். கடைசி கார்டை அடித்துவிட்டு நிற்கும் பாட்டு என்றால் அந்தக் கார்டை ஒலிக்க விடுங்கள். அது பாதி தேயும்போது அடுத்த பாட்டின் முதல் பேடைத் தட்டுங்கள். முழுதாகத் தேயும்வரை காத்திருந்தால் கூட்டம் பேச்சுக்குத் திரும்பிவிடும். மெல்லக் கரைந்துபோகும் பாட்டு என்றால் கரையத் தொடங்கும் முன்பே வெளியேறுங்கள், எதிரொலி அதற்குத்தான். வலப்பக்கம் இருக்கும் பீட் எஃபெக்ட் பகுதியில் எக்கோவைத் தேர்ந்து, போகும் பாட்டின் சேனலுக்கு மட்டும் கொடுத்து, குமிழைப் பாதிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். வரியின் கடைசிச் சொல் முடியும் கணத்தில் எஃபெக்ட் பட்டனை ஒரு கை அழுத்த, மறு கை அந்தச் சேனல் ஃபேடரை ஒரே வீச்சில் கீழே இழுக்க வேண்டும். ஃபேடர் மூடிய பிறகும் எதிரொலி வால் மட்டும் அறையில் சுற்றும். அந்த வால் தேய்வதற்குள் அடுத்த பாட்டு வந்தாக வேண்டும். 104லிருந்து 150க்குத் தாவினாலும் யாருக்கும் உறுத்தாது. வந்த பாட்டில் குரல் தொடங்குமுன் எஃபெக்டை அணைக்கவும். மறந்தால் பத்து நிமிடம் கழித்து அதே சேனலில் ஏறும் பாட்டு குகைக்குள் பாடுவதுபோல் ஒலிக்கும்.

மூன்றாவது வழி, இரண்டிலும் வெறும் டிரம்ஸ் இருக்கும் இடத்தில் நாலு அல்லது எட்டு அடி மட்டும் ஒன்றாக ஓட்டி, பழையதன் லோ ஈக்யூவை (பேஸ் குமிழை) இறக்கிப் புதியதன் லோவை ஏற்றுவது. வேகம் 3, 4 சதவீதத்துக்குள் பக்கத்தில் இருந்தால் மட்டும். ஒரே குமிழில் பல எஃபெக்டுகளைக் கலந்து தரும் ஸ்மார்ட் சிஎஃப்எக்ஸ் என்ற பட்டனும் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் அதே குமிழ் சாதாரண ஃபில்டராகிவிடும், அதுவே போதும்.

இரண்டு பாட்டுக்கும் நடுவே இடவலமாக நகரும் கிராஸ்ஃபேடருக்கு இந்த இசையில் வேலையே இல்லை. நடுவில் நிறுத்தி இருபுறமும் பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று பேர் கைகள் குறுக்கும் நெடுக்கும் போகும் மேசையில் யாராவது ஒருவரின் சட்டைக்கை அதைத் தள்ளிவிடும், பாட்டு பாதியில் மாயமாகும்.

இடிக்கும் இடம்: பின்பக்கம்

குறை என்று சொன்னால் ஒன்றுதான் பெரியது. ஒலி வெளியே போக இருப்பது ஒரே ஒரு ஜோடி ஆர்சிஏ. நீளமான கம்பிக்கு ஏற்ற எக்ஸ்எல்ஆர் இல்லை, டிஜேக்கென்று தனி ஸ்பீக்கர் செருகும் பூத் அவுட்டும் இல்லை. வீட்டு ஸ்பீக்கருக்கு இது தாராளம். பாரில் மிக்ஸர் 10 மீட்டர் தள்ளி கவுண்டருக்குப் பின்னால் இருக்கும். ஆர்சிஏ பேலன்ஸ் இல்லாத இணைப்பு, வழியில் ஒட்டும் இரைச்சலை ரத்துசெய்யும் ஏற்பாடு அதில் இல்லை. ஐந்து மீட்டரைத் தாண்டினால் வழியில் ஓடும் மின்கம்பி, லைட் டிம்மர், ஃப்ரிட்ஜ் மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். கருவிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (ஆர்சிஏவை பேலன்ஸ் உள்ள எக்ஸ்எல்ஆராக மாற்றும் பெட்டி) வைத்து, அதுவரை ஒன்றரை மீட்டர் ஆர்சிஏ, அதற்குப் பின் எவ்வளவு நீளமானாலும் எக்ஸ்எல்ஆர் என்று போட்டால் தொல்லை தீரும். டிஐ பாக்ஸை இந்தக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் "ம்ம்ம்" என்று அடித்தொனி கிளம்பினால் அது கிரவுண்ட் லூப், இரண்டு கருவிகள் எர்த் வழியாகச் சுற்றாக இணைவதால் வருவது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் உறுதி. லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தள்ளுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஈரக் கையும் சிந்திய பியரும் இருக்கும் இடத்தில் அது உயிரோடு விளையாடுவது.

மிக்ஸரில் லைன் அல்லது ஆக்ஸ் துளையில்தான் செருக வேண்டும். மைக் துளையில் செருகினால் குமிழை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. இன்னொரு சிக்கல் மோனோ. கல்யாண மண்டபங்களில் பார்க்கும் அதே வகை மிக்ஸர் ஆம்ப்ளிஃபயரே பல பார்களிலும் இருக்கிறது, ஒரே ஒலித்தடம் கூரை ஸ்பீக்கர்கள் எல்லாவற்றுக்கும் போகும். அதில் இடது கம்பியை மட்டும் செருகிவிட்டு ஓட்டினால் அறுபதுகளின் ஸ்டீரியோ பாட்டுகள் சிதையும். பீட்டில்ஸின் 1963 முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் வாத்தியங்கள் ஒருபக்கம், குரல் மறுபக்கம். இடது மட்டும் போனால் பாடகரே இல்லாத கச்சேரி. இரண்டு கம்பிகளையும் ஒரு ஒய் கேபிளில் முடிச்சுப் போடுவதும் தவறு, இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். மிக்ஸரில் இரண்டு லைன் சேனல் காலியாக இருந்தால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று எனச் செருகி ஒரே அளவில் வையுங்கள். அந்தக் காலப் பாட்டுகளுக்கு மோனோ பதிப்பைத் தேடி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஹெட்போன் துளையும் 3.5 மி.மீ. மட்டும், அதுவும் ஒன்றே. ஆள் மாறும்போது பிடுங்கிச் செருகிச் செருகியே அது தளர்ந்துவிடும். ஒரு ஹெட்போனை மூவரும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது 15 செ.மீ. நீட்டிப்புக் கம்பி ஒன்றை நிரந்தரமாகச் செருகி, மாற்றுவதை அதன் முனையில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு 6.3 மி.மீ. துளை உண்டு, அளவுக் குமிழ் மட்டும்தான், ஈக்யூ இல்லை. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போதும். அடிக்கடி பேசப்போகிறீர்கள் என்றால் மைக்கை பாரின் மிக்ஸரில் நேராகச் செருகுங்கள்.

மூன்று பேர், ஒரு பெட்டி

டேட்டாவுக்கு ஒரே யூஎஸ்பி வழிதான். ஒருவர் லேப்டாப்பிலிருந்து அடுத்தவர் லேப்டாப்புக்கு மாற வேண்டுமென்றால் ஒலி நின்றுதான் ஆகும். அதனால் மூவரின் பாட்டுகளும் ஒரே லேப்டாப்பில், அதன் உள் டிஸ்க்கில் இருக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டுவது ஆபத்து, கை பட்டால் கழன்றுவிடும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் சேர்த்து அனலைஸ் செய்து முடித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை புதிதாக 200 பாட்டுகளை அனலைஸ் போட்டால் லேப்டாப் திணறி ஒலி வெட்டும். பழைய லேப்டாப்பில் பஃபர் (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) அளவை 512க்கு ஏற்றுங்கள். 12 மில்லிசெகண்ட் தாமதம் இந்த வேலைக்கு ஒரு பொருட்டே அல்ல. வைஃபை, நோட்டிஃபிகேஷன், தூக்க நிலை, அப்டேட் நான்கையும் அணைக்கவும். யூஎஸ்பி கம்பியை மேசைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள், யாராவது தடுக்கினாலும் துளையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாது.

முறை மாற்றும்போது ஆளுக்கு ஒரு பாட்டு என்று போனால் மனநிலை நிலைக்காது, அரை மணி நேரம் என்றால் மற்ற இருவர் சலிப்பார்கள். ஆளுக்கு மூன்று பாட்டு நன்றாக வேலை செய்யும்: முதலாவது முந்தையவரின் சாயலில், இரண்டாவது நமக்குப் பிடித்தது, மூன்றாவது அடுத்தவருக்குக் கதவைத் திறந்து விடுவது. மொட்டைமாடி பார் என்றால் 10 மணியையும் மனதில் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. உச்சத்தை 9.15க்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

செல்போனோடும் இந்தக் கருவி சேரும், புளூடூத்திலும் சேரும். ஆனால் புளூடூத்தில் போவது கட்டளைகள் மட்டுமே, ஒலி போனிலிருந்துதான் வரும். வீட்டில் பழகலாம், பாருக்கு வேண்டாம். ஸ்ட்ரீமிங்கும் அப்படியே. பாரின் வைஃபை கூட்டம் சேர்ந்ததும் படுத்துவிடும். அந்தச் சேவைகளின் ஒப்பந்தமும் பொதுவாகச் சொந்தப் பயன்பாட்டுக்கானது. பேண்டுகள் நேரே பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில், தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், கட்டணச் செலவு போக மீதி பேண்டுக்கு. யூடியூபிலிருந்து உருவிய எம்பி3 காதுக்குள் சுமாராக இருக்கும், பாரின் ஹார்ன் ஸ்பீக்கரில் சிம்பல் ஒலி சருகு நொறுங்குவதுபோல் வரும். பொது இடத்தில் இசைப்பதற்கான பிபிஎல், ஐபிஆர்எஸ் உரிமங்கள் பாரிடம் இருக்கின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஓரிரு வார இறுதிகளில், நண்பர்களோடு, கிடார் பாட்டு போடப் போகிறவர் இதைத் தயங்காமல் வாங்கலாம். டிடிஜே-400 ஏற்கெனவே கையில் இருந்தால் மாற்ற வேண்டாம், இண்டீக்குத் தேவையான ட்ரிம், ஹாட் க்யூ, எக்கோ எல்லாம் அதிலும் உண்டு. மிச்சமாகும் பணத்தில் நல்ல டிஐ பாக்ஸும் கொஞ்சம் ஆல்பங்களும் வாங்கலாம். வாரம் நாலு நாள் வெவ்வேறு பார்களில் வாசித்துப் பிழைக்கப் போகிறவருக்கு ஆர்சிஏ மட்டும் போதாது. எக்ஸ்எல்ஆர் உள்ள எஃப்எல்எக்ஸ்10 போன்ற பெரிய கருவிகளுக்கு விலை பல மடங்கு. பழையதாக வாங்கினால் ட்ரிம் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கரகரப்பு வருகிறதா பாருங்கள். ஹெட்போன் துளையில் பின்னை லேசாக அசைத்து ஒருபக்கம் ஒலி போகிறதா பாருங்கள். பேட் பதினாறையும் ஒவ்வொன்றாக மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை தட்டிப் பாருங்கள். பியர் குடித்த பேட் ஒட்டிக்கொண்டு தாமதமாகத்தான் எழும்பும்.